யன்னலுக்கு ஒரு தாழ் போதும்

மாலை மயங்கி விளக்கேற்றும் வேளை வந்ததும், வீடுதோறும் தவறாது நடைபெறுகின்ற தொழில் ஒன்றுண்டு. அதனைச் செய்பவர் அதைத் தொழிலென்று கருதுவதில்லை. செய்யாதவரோ அப்படியொன்று நடைபெறுவதையே அறியார். யன்னல் சாத்துதலையே குறிப்பிடுகின்றோம்.

மூன்று அறையும் ஒரு கூடமும் உடைய பழைய வீடொன்றை எண்ணிப் பார்ப்போம். எட்டு யன்னல்கள் இருக்குமென வைத்துக்கொண்டால் மிகையாகாது. யன்னலொன்றிற்கு இரண்டு மரக்கதவுகள். ஒவ்வொரு கதவிற்கும் மேலே ஒரு திறாங்கும் கீழே ஒரு திறாங்கும் உண்டு. கதவைத் திறந்து வைக்கும்போது அது காற்றில் அடித்துக்கொள்ளாதபடி நிறுத்துதற்குக் கதவுக்கொரு கொளுக்கி வேண்டும். ஆக யன்னலொன்றிற்கு ஆறு. வீடு முழுவதற்கும் நாற்பத்தெட்டு. காலையில் நாற்பத்தெட்டு, மாலையில் நாற்பத்தெட்டு என நாளொன்றிற்கு 96 முறை ஒருவருடைய கை இழுக்கவும் தள்ளவும் தூக்கவும் வேண்டியிருக்கின்றது. ஆண்டுக் கணக்குப் பார்த்தால் 35,000ஐத் தாண்டும். இக்கணக்கைச் சொன்னால் வீட்டிலுள்ள ஆண்மக்கள் சிரிப்பார்கள், தாய்மார் சிரிக்கமாட்டார்கள்.

கணக்கில் வருவது ஒன்று, நடப்பது வேறொன்று. யன்னற்படி தரையிலிருந்து 3 அடி உயரத்திலும், யன்னல் 4 அடி உயரமாகவும் இருந்தால், மேற்றிறாங்கு 7 அடி உயரத்திலே நிற்கும். முதுகு வளைந்த பாட்டியார் அதனை எட்டுவதெங்ஙனம்? கதிரையொன்றை இழுத்துப் போட்டு ஏறவேண்டும். அல்லது விளக்குமாற்றின் பிடியாலே தட்டவேண்டும். இரண்டும் நாள்தோறும் நடக்கக்கூடிய காரியங்களல்ல. ஆகவே மேற்றிறாங்கு போடப்படுவதில்லை. சில ஆண்டுகள் சென்றபின் அது துருவேறி, பூச்சு மைக்குள் ஒட்டிக்கொண்டு, போட முயன்றாலும் அசையாத நிலையை அடைகின்றது. எமது பழைய வீடுகளில் இத்தகைய ஊமைத் திறாங்குகள் எத்தனை என்பதை வாசகர்கள் இன்று மாலையே எண்ணிப் பார்க்கலாம்.

இது சோம்பலால் நேர்ந்த குறையன்று. கருவி கேட்கும் வேலை, கையால் நாள்தோறும் கொடுக்கத்தக்க வேலையிலும் அதிகமாயிருந்தால், அவ்வேலை ஒருநாள் நின்றே தீரும். யன்னலின் தாழ் எளியதாக இருக்கவேண்டும் என்று நாம் கூறுவது வசதி கருதி மட்டுமன்று. எளியதல்லாத தாழ் போடப்படாத தாழாகவே முடிகின்றது என்பதனாலேயே. போடப்படாத தாழோ, சாதாரண நாட்களில் ஒரு தீங்கும் செய்யாது. தீங்கு செய்யும் நாள் ஒன்றுண்டு.

காற்றுக்கு விட்ட வழி

யன்னல் என்ற சொல் எமக்குப் போர்த்துக்கேயர் தந்தது. அவர்கள் மொழியில் அது 'ஜனேலா'. திறாங்கும் அவர்கள் தந்ததே. 'திறங்கா' என்பது அவர்கள் வழக்கு. அலுமாரியும் கதிரையும் விறாந்தையும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவை. வீட்டின் மரவேலைப் பெயர்களிலே பாதி கடல் கடந்து வந்தவை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு முன்னரும் தமிழர் வீடுகளுக்குச் சாளரமும் பலகணியும் இருந்தன. பழந்தமிழர் வழங்கிய இன்னொரு பெயர் காலதர் என்பது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றுக்கு விட்ட வழி என்று பொருள். பெயரிட்டவர் யாராயினும் பொருளை நன்குணர்ந்து இட்டிருக்கின்றார். ஏனெனில் யன்னலின் நன்மையும் தீமையும் அவ்வொரு சொல்லிலே அடங்கிவிடுகின்றன.

காற்று ஒரு பரப்பை எவ்வளவு விசையுடன் தள்ளும் என்பதை மாணவர்கள் எளிதாகக் கணிக்கலாம். காற்றின் வேகத்தை மணிக்கு இத்தனை மைல் என்று கொண்டு, அவ்வெண்ணை அதனாலேயே பெருக்கி, 400ஆற் பிரித்தால், ஒரு சதுர அடிமீது எத்தனை இறாத்தல் அமுக்கம் விழும் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். மணிக்கு 50 மைல் வேகமாயின் சதுர அடிக்கு 6 இறாத்தலுக்குச் சற்று மேல். 4 அடி உயரமும் 3 அடி அகலமும் உள்ள யன்னலின் பரப்பு 12 சதுர அடி. ஆகவே முழு யன்னலின்மீதும் 75 இறாத்தல். வேகம் இருமடங்காகி 100 மைல் ஆனால் விசை இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. அப்பொழுது 300 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 136 கிலோ. வளர்ந்த ஆடவர் இருவர் யன்னலின்மீது சாய்ந்து நிற்பதற்கு ஒப்பானது.

100 மைல் வேகம் எமக்குக் கதையன்று. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22, 23ஆம் நாட்களில் வட இலங்கையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயலையும், 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியையும் கண்டவர்கள் இன்னும் எம்மிடையே உள்ளனர். மட்டக்களப்பிலே அன்றிரவு தென்னந்தோப்புகள் வரிவரியாகச் சாய்ந்தன. கூரை பறந்த வீடுகளுக்கோ அளவில்லை.

கூரை பறந்ததற்கும் யன்னலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு மிக நெருங்கியது. புயற்காற்று கூரையின்மீது பாயும்போது அதனை மேல்நோக்கி உறிஞ்சுகின்றது. அவ்வுறிஞ்சலை மட்டுமாயின் நன்றாகக் கட்டிய கூரை ஒருவாறு தாங்கிக்கொள்ளும். ஆனால் காற்று வீசும் பக்கத்து யன்னல் திறந்துகொண்டால், உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றி அறையை ஊதி நிரப்பிக் கூரையைக் கீழிருந்தும் தள்ளுகின்றது. 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள அறையின் கூரைப் பரப்பு 300 சதுர அடி. 100 மைல் காற்றின் அமுக்கத்தில் அரைப்பங்கே உள்ளே நின்றாலும், 3,750 இறாத்தல் விசை கூரையைக் கீழிருந்து தூக்கும். அக்கூரைக்கு இட்ட தகரத்தின் நிறையோ 600 இறாத்தலைத் தாண்டுவது அரிது. மிச்சத்தை ஆணிகளே தாங்கவேண்டும். மேலிருந்து இழுப்பவனும் கீழிருந்து தள்ளுபவனும் ஒரே வேளையில் கைகோத்தால் ஆணிகள் என்ன செய்யும்?

புயலின்போது காற்றடிக்காத பக்கத்து யன்னல்களைத் திறந்துவிட்டால் வீடு தப்பும் என்றொரு எண்ணம் பலரிடம் உண்டு. அது சரியன்று. புயல் திசை மாறும். அதன் கண் கடந்தபின் எதிர்த்திசையிலிருந்தே வீசும். எல்லாவற்றையும் இறுகச் சாத்தி வைப்பதே இன்று அறிந்தவர்கள் கூறும் வழி. ஆகவே 7 அடி உயரத்திலே ஊமையாய்க் கிடக்கும் அந்தத் திறாங்கு, சிறு பொருளன்று.

கதவு வெளிப்புறமாகத் திறப்பதாயின் காற்று நேரே அடிக்கும்போது நமக்கு ஓர் உதவி கிடைக்கின்றது. நிலையிலே செதுக்கிய படியின்மீது காற்றே கதவை அழுத்தி வைக்கின்றது, தாழுக்கு வேலையில்லை. உட்புறமாகத் திறக்கும் கதவில் இது தலைகீழாகும். விசை முழுவதையும் பிணைச்சல்களும் தாழுமே ஏற்கவேண்டும். ஆனால் வெளிப்புறமாகத் திறப்பதற்கும் ஒரு சோதனை உண்டு. வீட்டின் பின்புறத்திலும் பக்கங்களிலும் காற்று கதவைத் தள்ளாது, வெளியே உறிஞ்சி இழுக்கும். அவ்விழுப்பை நேர் அமுக்கத்தில் அரைப்பங்கெனக் கொண்டாலும் 150 இறாத்தல். அதிற் பாதியைப் பிணைச்சல்கள் ஏற்க, மற்றப் பாதியாகிய 75 இறாத்தல் கதவுகள் இரண்டும் சந்திக்கும் நடுவிளிம்பிலே வந்து விழும். அந்த விளிம்பைக் கீழே மட்டும் பிடித்து மேலே விட்டுவிட்டால், மேல்மூலை வெளியே வளைந்து வளைந்து அடித்து, ஈற்றில் கீழ்த்திறாங்கின் திருகாணிகளையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

திறாங்கு ஏன் மறுக்கின்றது

உயரம் ஒரு குறை. இன்னொரு குறை திறாங்கின் இயல்பிலேயே உள்ளது. ஒரு கம்பி ஒரு துளைக்குள் நேராகப் புகவேண்டும். துளைக்கும் கம்பிக்கும் இடையே நூலளவு இடைவெளியே உண்டு. தச்சர் அதனைப் பொருத்திய நாளில் இரண்டும் நேராயிருந்தன. மாரி வந்ததும் மரம் ஈரங் குடித்து அகலவாட்டிலே பருக்கின்றது, கோடையிலே சுருங்குகின்றது. முதிரையும் தேக்கும் குறைவாக அசையும். மலிவான மரங்கள் மிகுதியாக அசையும். அசையாத மரம் இல்லை. கதவின் பாரத்தால் மேற்பிணைச்சல் சிறிது தளர, கதவின் நுனி தாழ்கின்றது. கம்பி ஒருபுறமும் துளை ஒருபுறமுமாக நிற்கின்றன. வீட்டுக்காரர் கதவைத் தோளாலே தூக்கிப் பிடித்துத் திறாங்கைத் தட்டுகின்றார். கடற்கரை ஊர்களாயின் உப்புக் காற்று இரும்பையும் அரித்து, கம்பியும் வளையமும் ஒன்றாகிவிடுகின்றன.

இங்கே கவனிக்கத்தக்கது, பழைய குறுக்குச் சட்டத்தில் இத்தொல்லை இருந்ததில்லை என்பதாகும். தாழ் என்னும் சொல் திருக்குறளிலே பயின்று வருவது, அத்தனை பழையது. கீழிறங்குவதைக் குறிக்கும் தாழ்தல் என்ற வினையோடு அது ஒலியில் ஒன்றியும் நிற்கின்றது. கோயிற் கதவுகளுக்கும் பழைய நாற்சார் வீடுகளின் தலைவாசலுக்கும் இட்ட பெரிய மரச்சட்டம், இரண்டு கொக்கிகளின்மீது மேலிருந்து கீழே விழுந்து அமரும். அரை அங்குலம் இங்கும் அங்கும் விலகினாலும் அதற்குக் கவலையில்லை. நுழையவேண்டிய தாழுக்குத் துல்லியம் வேண்டும். விழவேண்டிய தாழுக்கு அது வேண்டா. அதனைக் கீழே இருத்தி வைப்பதும் அதன் சொந்த நிறையே. வில்லும் திருகும் வேண்டியதில்லை.

அப்படியாயின் யன்னலுக்கும் நடுவிலே ஒரு சிறு விழுசட்டம் போட்டால் போதாதா? ஒரு கதவிலே அச்சாணி, மறுகதவிலே நாதாங்கி. சட்டம் சுழன்று விழுந்து இரண்டையும் பிணைக்கும். பல வீடுகளில் இப்படிச் செய்திருக்கக் கண்டிருக்கின்றோம். அமைதியான இரவுக்கு அது போதும். ஆனால் அது ஒரு கதவை மறுகதவோடு கட்டுகின்றதேயன்றி, எக்கதவையும் நிலையோடு கட்டவில்லை. பைதகரசின் தேற்றம் படித்த மாணவர்கள் இதனைச் சரிபார்க்கலாம். 18 அங்குல அகலமுள்ள இரண்டு கதவுகள் நடுவிளிம்பிலே ஓர் அங்குலம் வெளியே தள்ளப்படுவதற்கு, அவ்விளிம்புகளுக்கிடையே அங்குலத்தின் பதினெட்டிலொரு பங்கு இடைவெளி கிடைத்தாற் போதும். அவ்வளவு தளர்ச்சி இல்லாத நாதாங்கி எங்கே உண்டு? ஆகவே காற்று இழுக்கும்போது கதவுகள் இரண்டும் சேர்ந்து வெளியே புடைக்கும். விட்டதும் திரும்பி அடிக்கும். இரவு முழுவதும் தடதடவென்ற ஒலியும் இருக்கும்.

பிரெஞ்சுக்காரர் கண்ட வழி

இத்தொல்லையை ஐரோப்பியர் முன்னரே எதிர்கொண்டனர். உயரமான யன்னல்களைக் கட்டிய பிரான்சு நாட்டிலே 18ஆம் நூற்றாண்டில் பெருவழக்காயிருந்த ஒரு பொறிக்கு எஸ்பான்யொலெத் என்று பெயர். பெயர் ஸ்பெயின் நாட்டை நினைவூட்டினும் பொருள் பிரெஞ்சு வீடுகளுக்கே உரியதாகிவிட்டது. கதவின் விளிம்பிலே மேலிருந்து கீழ்வரை ஒரே இரும்புக் கோல் நிற்கும். அதன் இரு நுனிகளும் கொக்கிபோல வளைந்திருக்கும். நடுவிலே, கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு பிடி. பிடியை ஒருபக்கம் திருப்பினால் கோல் முழுவதும் சுழன்று, மேற்கொக்கி மேல்நிலையிலுள்ள முளையையும் கீழ்க்கொக்கி யன்னற்படியிலுள்ள முளையையும் ஒரே வேளையிலே பற்றிக்கொள்ளும். கொக்கி வளைந்திருப்பதால், கதவு சிறிது கோணலாயிருந்தாலும் அதனை உள்ளே இழுத்துச் சேர்த்துவிடும். பின்னர் பிடியை மறுகதவிலுள்ள தாங்கியிலே படிய விடுவார்கள். கிறெமோன் என்பது இதன் தம்பி போன்றது. அதிலே குமிழைத் திருப்பக் கோல் இரண்டாகப் பிரிந்து ஒன்று மேலும் ஒன்று கீழுமாக ஓடும். பார்வைக்கு அழகியது, ஆனால் உள்ளே பற்சக்கரமோ நெம்போ வேண்டும், கோலும் மீண்டும் துளைக்குள் நுழையவேண்டும். எமது கருத்தில் மூத்ததே சிறந்தது.

அதிலே இரண்டு நுட்பங்கள் உள்ளன. ஒன்று, மேலும் கீழும் செய்யவேண்டியதைக் கைக்கெட்டும் ஓரிடத்திலிருந்து ஒரே அசைவால் செய்வது. மற்றது, இரண்டு கதவுகளில் ஒன்றுக்கு மட்டுமே தாழ் இடுவது. இரண்டாவது கதவின் வெளிவிளிம்பிலே ஒரு மெல்லிய சட்டத்தை அறைந்து, அது முதற்கதவின் விளிம்பை வெளியிலிருந்து மூடுமாறு செய்துவிட்டால், இரண்டாவது கதவு அசையாதவரை முதற்கதவும் அசையாது. நான்கு திறாங்குகளிலே இரண்டு இவ்வாறே தேவையற்றுப் போகின்றன. எமது தச்சர்களும் இவ்விளிம்புச் சட்டத்தை மழைநீர் புகாதிருத்தற்பொருட்டு அறைவதுண்டு. அதனை அறைந்தபின்னும் நான்கு திறாங்குகளையும் பூட்டுவது ஏனென்பது விளங்கவில்லை. பழக்கமென்றே சொல்லவேண்டும்.

விழும் தாழ்க்கோல்

பிரெஞ்சுப் பொறியை அப்படியே இங்கு செய்விப்பது செலவு. அதனோடு எமது பழைய விழுசட்டத்தின் இயல்பைச் சேர்த்தால், எந்த ஊர்ப் பட்டறையிலும் செய்யத்தக்க எளிய தாழ் ஒன்று கிடைக்கின்றது. வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகளுக்கு ஏற்றவாறு அதனை இங்கு விவரிப்போம்.

அரை அங்குல விட்டமுள்ள உருளை இரும்புக் கம்பி ஒன்று, யன்னலின் உயரமளவு வேண்டும். 4 அடிக் கம்பியின் நிறை 3 இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு. ஒரு சிறுமியும் தூக்கலாம். இரண்டாவது கதவின் உட்புறத்திலே, நடுவிளிம்பிலிருந்து 3 அங்குலம் தள்ளி, மூன்று வளையங்களை ஒரே நேராக அறைந்து, கம்பி அவற்றினூடே மேலும் கீழும் தடையின்றி ஓடும்படி விடவேண்டும். கம்பியின் கீழ்நுனி யன்னற்படியிலுள்ள துளையிலே முக்கால் அங்குலம் இறங்கும். மேற்பகுதியிலே ஒரு விரல் போன்ற துண்டைப் பக்கமாக ஒட்டிக் கீழ்நோக்கி வளைக்கவேண்டும். மேல்நிலையிலிருந்து 3 அங்குலம் கீழே தொங்குமாறு ஒரு வளையத்தகட்டை அறைந்தால், கம்பி விழும்போது அவ்விரல் இவ்வளையத்தினுள் விழும். ஆக ஒரே விழுகையிலே மேலும் பூட்டாகின்றது, கீழும் பூட்டாகின்றது. கம்பி வளையங்களை விட்டு நழுவாதிருக்க, பிடியையே நடுவளையத்துக்குச் சற்று மேலே ஒட்டிவிட்டால் அது தடையாகவும் நிற்கும். அப்பிடி யன்னற்படியிலிருந்து ஓர் அடி உயரத்தில் அமையுமாறு நடுவளையத்தை வைத்தால், தரையிலிருந்து 4 அடி. பாட்டியாருக்கும் எட்டும்; பத்து வயதுப் பேரனுக்கும் எட்டும்.

இன்னும் ஒரு சிறு வேலை செய்தால் தாழ் தானாகவே விழும். படியிலுள்ள துளைக்கு வெளிப்புறமாக, ஓர் அங்குல உயரமுள்ள சரிவான மரக்கட்டை ஒன்றை அறையவேண்டும். கதவை உள்ளே இழுக்கும்போது கம்பியின் கீழ்நுனி அச்சரிவிலே ஏறும். கம்பி முழுவதும் உயரும். மேல்விரலும் அதனோடு உயர்ந்து வளையத்தைத் தாண்டும். கதவு நிலையிலே பொருந்தியதும் நுனி துளைக்குள் 'டக்' என்று விழும். அவ்வொலி கேட்டதா, யன்னல் பூட்டியாயிற்று. இருளிலும் இது போதும். மின்சாரம் நின்ற புயலிரவிலே இது சிறு உதவியன்று. கம்பி வைத்த யன்னல்களில், கையைக் கம்பிகளுக்கிடையே விட்டுக் கதவின் கைப்பிடியை இழுத்தால் போதுமானது. முதற்கதவை முதலில் இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை இழுக்கவேண்டும் என்ற ஒழுங்கு மட்டும் பழகவேண்டியது.

துளைகளைக் கம்பியின் பருமனிலேயே இடுவது பெரும்பிழை. அரை அங்குலக் கம்பிக்கு முக்கால் அங்குலத் துளையிடுக. மரம் பருத்தாலும் சுருங்கினாலும், பிணைச்சல் தளர்ந்தாலும், கம்பி அதற்குள்ளே விழுந்துவிடும். சிறிது ஆட்டம் இருக்குமே என்றால், மேலும் கீழும் நிலையோடு கட்டப்பட்ட கதவிலே கால் அங்குல ஆட்டம் கால் அங்குலமாகவே நிற்கும், நடுச்சட்டத்தைப்போலப் பெருகாது. படியிலுள்ள துளையிலே மழைநீரும் தூசியும் தங்கி மரத்தை உழுத்துப்போகச் செய்யும். ஆகவே துளையின் அடியிலிருந்து வெளிப்புறமாகச் சரியும் சிறு வடிகால் ஒன்று அவசியம். பிள்ளைகள் கடதாசியை அடைத்து வைக்கும் துளையும் இதுவே என்பதைத் தாய்மார் அறிவர்.

திருடரைப் பற்றிய ஐயமும் நியாயமானதே. நிறையால் விழும் தாழை வெளியிலிருந்து கத்திமுனையால் தூக்கிவிடலாம் என்பர். விளிம்புச் சட்டம் இடைவெளியை மூடுவதாலும், கோல் விளிம்பிலிருந்து 3 அங்குலம் தள்ளி நிற்பதாலும் அது எளிதன்று. எனினும் நடுவளையத்திற்குச் சற்றுக் கீழே கோலிலே ஒரு சிறு துளையிட்டு, இரவிலே அதில் ஓர் ஆணியைச் செருகி வைத்தால், கோல் உயர முயலும்போது ஆணி வளையத்தில் முட்டித் தடுக்கும். புயல் எச்சரிக்கை கேட்ட நாளிலும் இவ்வாணியைச் செருகுவது நன்று.

திருமறைக்காட்டிலே அடைபட்டிருந்த கதவைத் திறக்க அப்பர் சுவாமிகள் பதிகம் முழுவதும் பாடவேண்டியிருந்தது என்றும், அதனை மீண்டும் அடைக்கச் சம்பந்தருக்கு ஒரு பாட்டே போதுமாயிருந்தது என்றும் பெரியபுராணத்தால் அறிகின்றோம். எமது யன்னல்களுக்கும் அடைக்கும் வேலையை அத்தகைய எளிமையிற் கொண்டுவந்துவிட்டோம். திறந்து வைத்தல் எஞ்சியிருக்கின்றது.

திறந்த கதவை நிறுத்தும் சுவர்க்கொளுக்கியைப் போடுவதற்கு ஒருவர் கம்பிகளுக்கூடாகத் தோள்வரை கையை நீட்டவேண்டும். அல்லது வெளியே சென்று சுற்றி வரவேண்டும். மழை தொடங்கியபின் வெளியே சென்று எட்டு யன்னல்களைச் சுற்றி வந்தவர்க்கு இதன் அருமை தெரியும். பிரான்சிலும் அமெரிக்காவின் பழைய நகரமாகிய சார்ல்ஸ்டனிலும் சுவரிலே ஓர் இரும்புத் துண்டைச் சுழலும்படி அறைந்திருப்பர். அதன் கீழ்ப்பகுதி பாரமானது. ஆகவே எப்போதும் நிமிர்ந்தே நிற்கும். நிமிர்ந்து நின்று கதவைத் தடுக்கும். விரலால் சாய்த்தால் கதவு விடுபடும். பிரான்சிலே அதனைச் சிறு மனிதத் தலையுருவமாக வார்ப்பதும் உண்டு. வேடிக்கையானது, இங்கும் நிறையே காவல். ஆனால் அதுவும் சுவரின் வெளிப்புறத்திலே இருப்பது. கம்பி வைத்த யன்னலுக்கு உதவாது.

எமக்கு ஏற்றது ஆங்கிலேயர் வீடுகளிற் காணும் துளைச்சட்டமே. ஏறக்குறைய ஓர் அடி நீளமான தட்டைச் சட்டத்தின் ஒரு நுனி கதவின் அடியிலே சுழலும்படி பூட்டப்பட்டிருக்கும். அதன் நீளத்திலே நான்கைந்து துளைகள். யன்னற்படியிலே நிமிர்ந்த ஒரு முளை. வேண்டிய துளையை முளைமீது விழ விட்டால் கதவு அந்த அளவு திறந்து நிற்கும். உள்ளிருந்தே செய்யலாம், சாரல் அடிக்கும்போது நான்கு அங்குலம் மட்டும் திறந்து வைக்கவும் இயலும். யன்னலொன்றிற்கு இப்போது ஒரு தாழ்க்கோலும் இரண்டு துளைச்சட்டங்களும் ஆக மூன்று. நாற்பத்தெட்டு இருபத்துநான்காகிவிட்டது, அவற்றுள் எட்டுத் தாமாகவே விழுபவை, கதிரைமீது ஏறவேண்டியது ஒன்றுமில்லை.

அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட யன்னல்கள் பெருகிவரும் இக்காலத்தில் மரக்கதவுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று சிலர் கேட்கக்கூடும். மரக்கதவு யன்னல்கள் இன்னும் ஆயிரக்கணக்கான வீடுகளிலே உள்ளன. அவ்வீடுகளிலே முதியோர் தனித்திருப்பதும் இப்போது மிகுதி. பிள்ளைகள் கடல் கடந்து வாழ, ஊரிலே எட்டு யன்னல்களோடு தனித்திருக்கும் தாயொருத்திக்குப் புதிய யன்னல் போட்டுக் கொடுக்கப் பலருக்கு இயலாது. ஓர் இரும்புக் கோலும் மூன்று வளையமும் இயலும்.

எல்லா யன்னல்களையும் ஒரே நாளில் மாற்றவேண்டியதில்லை. வாடைக் காற்று எப்பக்கமிருந்து வீசுமோ அப்பக்கத்து அறையில் முதலில் ஒன்றைப் பொருத்தி, ஒரு மாரி முழுவதும் பார்க்கலாம். கோலுக்கு முதலிலே துருத்தடுப்புப் பூச்சும், அதன்மேல் எண்ணெய் மையும் பூசவேண்டும். வளையங்களின் உட்புறத்திலே மை படலாகாது, கொழுப்பு மட்டுமே இடவேண்டும். கடற்கரையிலுள்ளோர் துருப்பிடியா உருக்குக் கம்பியைக் கேட்டு வாங்குவது நல்லது. பழைய மேற்றிறாங்குகளைக் கழற்றுமுன், புதிய கோலின் மேல்விரல் வளையத்தினுள் முழுமையாக இறங்குகின்றதா என்பதை ஏணி வைத்து ஒருமுறை கண்ணாற் கண்டுகொள்க. அந்த ஏணி அதன்பின் யன்னலுக்கு வேண்டியிராது.